நஞ்சு நாட்டில் ஒரு விருந்து

என் சமையலைச் சாப்பிட்டு ஒரு மனுசி செத்துப்போனார். அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். இப்படிச் சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். ஆகையால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், மொன்ட்ரியாலின் வடக்குப் பக்கத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். குளிர்கால மேலங்கிகளுக்குக் கழுத்துப்பட்டி வைக்கிற வேலை. எனக்கு முன்னால் கிடந்த பெரிய மேசையில் துணி வெட்டுகிறவர் ஒரு கியூபெக் மனுசி. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், கணவரில்லை, பிள்ளைகளில்லை. முதலாளி சத்தம் போட்டால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லமாட்டார், தலையாட்டிவிட்டுத் துணியைப் பார்ப்பார். அவ்வளவு சாது. மத்தியானத்தில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவோம். என் பிரெஞ்சு, தொழிற்சாலை பிரெஞ்சு. பாதியை வாயாலும் மீதியைக் கையாலும் கதைத்துச் சமாளித்தோம்.

ஒருநாள் அவர் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்பு வெல்வெட் அங்கி, காதுவரை எழும்பிய கழுத்துப்பட்டி, உதட்டில் கறுப்புச் சாயம். யாரோ ஒரு மகாராணி ஆளைக் கொல்லப் பார்க்கிற பார்வையோடு நிற்கிறாள் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் எங்கள் சாது. "நான்தான்," என்றார். "சனிக்கிழமைகளில்."

அப்போதுதான் அந்த நாட்டைப் பற்றித் தெரியவந்தது. அங்கே சூரியன் உதிப்பதில்லை. எந்நேரமும் மழையும் பனிப்புகாரும். மலை உச்சியில் இடிந்த கோட்டை, அதற்குள் இருமிக்கொண்டிருக்கும் ஓர் அரசன், அவன் எப்போது சாவான் என்று சுற்றிக் காத்திருக்கும் பிரபுக்கள். வாளை எடுத்துச் சண்டை பிடிப்பது அங்கே காட்டுமிராண்டித்தனம், மரியாதைப்பட்ட குடும்பங்கள் நஞ்சுதான் வைக்கும். பிள்ளை பிறந்தால் தொட்டிலில் ஒரு சின்ன நஞ்சுக்குப்பி கட்டுவார்களாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வேசம் போட்டு விளையாடுகிற இந்தக் கற்பனை நாடு மொன்ட்ரியால்-நோரில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் கூடும். மேலே பூசை, கீழே நஞ்சு. பஸ் ஓட்டுகிறவர், பல் வைத்தியரின் உதவியாளர், கணக்காளர் எல்லோரும் கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு விடியவிடிய ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்ப்பார்கள். எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர் தெரிவுகளைக் கண்ட எனக்கு இந்தச் சூழ்ச்சியெல்லாம் பால்குடிப் பிள்ளைகளின் விளையாட்டாகத்தான் பட்டது. உடுப்புகள் மட்டும் நல்ல வடிவு.

அந்த நாட்டில் எல்லோரும் நடுங்குகிற ஆள் எங்கள் துணி வெட்டுகிறவர். ஆறு வருடமாக அவர் அங்கே சீமாட்டி. எத்தனையோ பேரை அனுப்பிவைத்துவிட்டு ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தார். அடுத்தது அரசன்தான் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற வெளிச்சத்தைத் தொழிற்சாலையில் வேறு எப்போதும் நான் கண்டதில்லை.

பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். வேலை சீனாவுக்குப் போகிறது என்றார்கள். போகிற வேலைக்கு விசா கேட்பதில்லை, அது பாட்டுக்குப் போய்விட்டது. எனக்கு வேறு தொழில் தெரியாது. என்னவர் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கி முதுகை முறித்துக்கொண்டிருந்தார். ஒருவருடைய உழைப்பில் வீடு இழுபட்டது. எனக்குச் சமைக்க வரும், ஆட்களுக்குச் சமைத்துக் கொடுத்துப் பிழைக்கலாம் என்று ஓர் எண்ணம். ஆனால் யாரென்று தெரியாத என்னிடம் யார் சாப்பாடு எடுப்பார்கள்? முருகனிடம் பாரத்தைப் போட்டுவிட்டுக் கந்தசஷ்டி விரதம் பிடிப்பதாக நேர்ந்துகொண்டேன்.

விரதம் தொடங்க முன்னமே சீமாட்டி தொலைபேசியில் கூப்பிட்டார். நஞ்சு நாட்டின் பெரிய விருந்து வருகிறது, அறுபது பேருக்குச் சமைப்பாயா என்று கேட்டார். அரசனாக வருகிறவர் பகலில் ஓர் அலுவலகத்தில் மேலாளர். விருந்து திருப்தியாக இருந்தால் அந்த அலுவலகத்துக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானச் சாப்பாடு நான்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் துள்ளிக் குதிக்காத குறை. நாளைப் பார்த்தபிறகுதான் அது சூரன்போர் என்று தெரிந்தது. விரதத்தின் கடைசி நாள், எனக்குத் தண்ணீரும் பல்லில் படாது. படாவிட்டால் என்ன, சாப்பிடப்போவது அவர்கள்தானே என்று ஒப்புக்கொண்டேன். மீன், இறைச்சி என்று மச்சம் மட்டும் கிடையாது என்றேன். சரி, ஆனால் சாப்பாடு பார்க்கப் பயங்கரமாக இருக்கவேண்டும் என்றார்கள். அதற்கென்ன, கத்தரிக்காயைக் கருகக் கருகப் பொரித்துக் குழம்பு வைத்தேன். பீற்றூட் கறி இரத்தம் மாதிரி வந்தது. தேங்காய்ப்பாலில் பருப்பு, மிளகுச் சோறு, கடைசியில் இனிப்புக்குக் கன்னங்கரிய தொதல். வறுத்த தூளின் மணம் தேவாலயத்துக்குள் ஏறி, அதன் பொறுப்பாளர் இரண்டு தரம் படியிறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சாப்பாடு போட முன்னர் சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். சீமாட்டி வெல்வெட் அங்கியோடு சத்தமில்லாமல் உள்ளே வந்தார். பொன் கரை போட்ட ஒரே தட்டு, அரசனுடையது, தனியாக இருந்தது. அதன் அடியில் ஒரு கறுப்புப் பொத்தானை ஒட்டினார். என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். அந்த நாட்டில் நஞ்சு என்பது அந்தப் பொத்தான்தான். தட்டின் அடியில் இருந்தால் அதில் சாப்பிட்டவர் சாவார். சட்டியின் அடியில் இருந்தால் அந்தச் சட்டியில் சாப்பிட்ட எல்லோரும் சாவார்கள். சாப்பிட முன்னர் எதையும் தூக்கிப் பார்க்கக்கூடாது. ஒரு விருந்துக்கு ஒரே ஒரு பொத்தான். செத்தவர் திரும்பி வரமுடியாது, அதோடு சரி. இவ்வளவையும் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடம்.

ஒன்றை மட்டும் அவர் சொல்ல மறந்துவிட்டார். இல்லை, அவருக்கு அது சொல்லவேண்டிய விசயமாகவே படவில்லை.

எல்லோருக்கும் பரிமாறி முடிந்தது. ஒருவரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அரசன் எழுந்து என்னைச் சபை நடுவே கூப்பிட்டு, ஒவ்வொரு சட்டியிலும் ஒரு கரண்டி எடுத்து எல்லோர் முன்னாலும் சாப்பிடச் சொன்னான். அதுதான் அவர்கள் வழக்கம், சமையல்காரி சாப்பிட்டால்தான் சாப்பாடு சுத்தம். நான் மாட்டேன் என்றேன். அவன் திரும்பச் சொன்னான். நான் திரும்ப மாட்டேன் என்றேன். விரதம் என்பதை என் தொழிற்சாலை பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? "நான் சாப்பிடமாட்டேன், இன்றைக்கு இதைச் சாப்பிடவே கூடாது," என்றேன். மண்டபம் முழுவதும் ஒரு சந்தோசமான முணுமுணுப்பு. சமையல்காரியை யாரோ வாங்கிவிட்டார்கள், சட்டி முழுக்க நஞ்சு!

அறுபது பிரபுக்களும் தட்டைத் தள்ளி வைத்தார்கள். சிலர் அங்கிக்குள் ஒளித்து வைத்திருந்த பாண் ரொட்டியை எடுத்துக் கடித்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிய எழும்பி, பட்டினி வயிற்றோடு அரைத்து, வறுத்து, கிண்டிச் சமைத்த சோறு, கடைப் பாணுக்குத் தோற்றுப்போய் ஆறிக்கொண்டிருந்தது.

சட்டிகள் தூக்க வந்திருந்த என்னவர் கதவடியில் நின்று எட்டிப் பார்த்தார். "என்னப்பா, ஒருத்தரும் தொடேல்லை?"

"நஞ்சு வைச்சுப்போட்டன் எண்டு நினைக்கினம்."

"உவையளுக்கென்ன விசரோ? ஒரு வாய் வைச்சுக் காட்டிப்போட்டு வாவன்."

"சூரன்போர் அண்டைக்கோ? வேலை கிடைக்கவேணும் எண்டு பிடிச்ச விரதமப்பா."

"அந்த விரதம்தான் இப்ப வேலையைக் கெடுக்குது," என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை.

எனக்கு ஒரு வழி இருந்தது. நஞ்சு சட்டியில் இல்லை, அரசனின் தட்டுக்கு அடியில் இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஒரு விருந்துக்கு ஒரே பொத்தான் என்பதால் மற்ற எல்லோரும் அடுத்த நிமிடமே சாப்பிடத் தொடங்குவார்கள். வெள்ளிக்கிழமைச் சாப்பாடும் தப்பும். ஆனால் வைத்தது யார் என்று கேட்பார்களே. சீமாட்டி எனக்கு நேர் எதிரே இருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அவருடைய ஆறு வருடத்தைப் போட்டுடைக்க எனக்கு மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு சட்டிகளைத் திரும்ப எடுக்கப் போனேன். கண்ணில் நீர் முட்டிப்போய்விட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அப்போது கதிரை பின்னால் தள்ளுப்படுகிற சத்தம் கேட்டது. சீமாட்டி எழுந்து, அவசரப்படாமல் ஆறுதலாக நடந்து, அரசனின் மேசைக்குப் போனார். பொன் கரை போட்ட அந்தத் தட்டை அவன் முன்னாலிருந்து எடுத்தார். நின்றபடியே சோற்றில் கத்தரிக்காய்க் குழம்பை விட்டுப் பிசைந்து, நான் மத்தியானத்தில் சாப்பிடுகிற மாதிரியே கையால் அள்ளிச் சாப்பிட்டார். ஒரு வாயோடு நிற்கவில்லை. பாதித் தட்டு முடித்தார். பிறகு தட்டைத் தலைக்கு மேலே தூக்கி, அடிப்பக்கத்தை எல்லோருக்கும் காட்டினார்.

சாகிறவருக்கு அங்கே ஒரு கடைசி வசனம் சொல்ல உரிமை உண்டு. வழக்கமாகச் சாபம் போடுவார்களாம். சீமாட்டி, "சட்டியில் ஒன்றுமில்லை, ஆறிப்போக முன்னர் சாப்பிடுங்கள்," என்று சொல்லிவிட்டு, வெல்வெட் அங்கி விரிய நிலத்தில் சாய்ந்தார்.

சாப்பிட்டார்கள். எப்படிச் சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள்! கறுப்புக் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மூக்கால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டார்கள். இரண்டாம் தரம் சோறு கேட்டு வரிசையில் நின்றார்கள். அரசன் இருமலை மறந்துவிட்டு மூன்று துண்டு தொதல் கேட்டு வாங்கினான்.

சீமாட்டி தலையில் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தார். செத்தவர்கள் அப்படித்தான் திரியவேண்டும், விளையாட்டில் இருக்கிறவர்கள் அவர்களோடு கதைக்கக்கூடாது. நான் அந்த நாட்டு ஆளில்லையே. "ஏன் இப்படிச் செய்தாய், ஆறு வருடம்!" என்று பிடித்து உலுப்பாத குறையாகக் கேட்டேன். அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நீ பொத்தானைப் பார்த்தாய். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த நாட்டில் அப்படி ஒருத்தரை நான் இன்னும் காணவில்லை." பிறகு எதுவும் நடக்காதது மாதிரித் தட்டுக் கழுவத் தொடங்கினார். அவருக்கும் அதே நாளில்தான் வேலை போனது, அந்த வயதில் இனி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், கையில் மிச்சமிருந்தது அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான். அதையும் எனக்காகக் கொடுத்துவிட்டு முழங்கைவரை சவர்க்கார நுரையோடு நின்றார்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாடு எனக்குக் கிடைத்தது. அது இன்னோர் அலுவலகத்துக்கு வழிவிட்டது, பிறகு புரோசார்டில் ஒரு பிறந்தநாள், பதிவுக்காரர் வந்த ஒரு கலியாண எழுத்து. பழையபடி மூச்சு விட்டோம். ஆனால் சனிக்கிழமைகளில் தொலைபேசி எடுத்தால் சீமாட்டி வீட்டில்தான் இருப்பார். என்ன செய்கிறாய் என்றால், ஒன்றுமில்லை என்பார். அந்த "ஒன்றுமில்லை" என் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

நஞ்சு நாட்டின் அடுத்த விருந்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். உதவிக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிச் சீமாட்டியையும் கையோடு கூட்டிப்போய்ச் சமையலறையில் இருத்தினேன். பரிமாறி முடிந்ததும் அரசன் என்னைச் சபைக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டுக் காட்டு என்றான். அன்றைக்கு எனக்கு ஒரு விரதமும் இல்லை, நல்ல பசியும் கூட. மாட்டேன் என்றேன்.

மண்டபம் மறுபடியும் முணுமுணுத்தது. பாடமாக்கி வைத்திருந்த பிரெஞ்சை எடுத்து விட்டேன். எங்கள் ஆட்கள் செத்தவர்களுக்குப் படைக்காமல் சாப்பிடுவதில்லை என்றேன். செத்தவருக்கு இன்னொரு தரம் நஞ்சு ஏறாது, சிம்மாசனத்துக்கும் அவர் வரமுடியாது, ஆகையால் அவருக்கு அரசர் பயப்படத் தேவையில்லை, பொய் சொல்லி அவருக்கு ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை என்றேன். இனி இந்த நாட்டில் முதலில் சாப்பிட்டுவிட்டு அடியைத் தூக்கிப் பார்த்துச் சொல்ல அவரைவிட நல்ல ஆள் யார் என்று கேட்டேன். அரசன் நாடியைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தான். நான் செய்வது சூழ்ச்சி என்று அவனுக்கு விளங்கிவிட்டது, அது அவனுக்கு நன்றாகப் பிடித்தும் விட்டது.

சமையலறைக் கதவைத் திறந்துவிட்டேன். சீமாட்டி வெள்ளைத் துணியோடு வெளியே வந்தார். அறுபது பேரும் எழுந்து நின்றார்கள். அவர் போய் அரசனுக்குப் பக்கத்தில் இருந்து, முதல் தட்டை எடுத்துச் சாப்பிட்டார். அந்த முகத்தில் பழைய வெளிச்சம். அதற்குப் பிறகு வந்த விருந்தெல்லாம் அப்படித்தான் தொடங்கியது. அவர் சாப்பிட்டுத் தலையாட்டும்வரை நான் கதவடியில் நின்று பார்ப்பேன். உப்புப் புளி சரியோ என்ற யோசனை அந்த நேரம் எனக்கு வருவதேயில்லை. நல்லாயிருக்கோணும் இந்த மனுசி என்று மட்டும் நினைத்துக்கொண்டு நிற்பேன்.