'அடிச்சாங்க' என்றால் எத்தனை பேர்?

இந்த ஊரில் பழைய காகிதத்துக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கிளாஸ்கோவில் நான் ஆய்வு செய்யும் ஆவணக் காப்பகத்துக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில்தான். பழைய காகிதக் கட்டுகளைத் தலையணைமேல் வைத்துத்தான் திறக்க வேண்டும். சக ஆய்வாளர் மோராக், தன் கொள்ளுப்பாட்டி கணவன்மேல் போட்ட வழக்கின் வாக்குமூலத்தை அப்படித்தான் திறந்து காட்டினாள். "ஹீ ஸ்ட்ரக் மீ." 'அவன் என்னை அடித்தான்' என்று அந்த அம்மாள் சொன்னது சொன்னபடி இருந்தது. மோராக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அடிபட்டு, என்றோ செத்துப்போன ஒருத்திமேல் பொறாமையா என்று ஊரில் இருந்து படிப்பவர்கள் கேட்கலாம். ஆமாம், பொறாமைதான்.

மாரண்டஹள்ளியில் இருக்கும் என் அக்கா போன வருடம் கிழிந்த காதோடு பஸ் ஏறிப் போய்ப் புகார் சொன்னாள். ஸ்டேஷனில் ஒருவர், "கணவன் மனைவிக்குள் சிறு மனத்தாங்கல், சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவள் சொன்ன ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. பெண்களின் சட்ட வரலாறு எழுதப்போகிறேன் என்று விமானம் ஏறியவள் நான்.

அதனால் அவள் சொன்னதைப் போனில் பதிவு செய்தேன். "பேரு மட்டும் போட்றாத" என்று சம்மதித்தாள். பொறாமை வேகத்தில் ஒரே மூச்சில் ஆங்கிலமாக்கி மோராக்கிடம் நீட்டினேன். படித்ததும் பதறிப்போனாள்.

"எத்தனை பேர் சேர்ந்து அடித்தார்கள்?"

அக்கா சொன்னது "அவங்க அடிச்சாங்க". நான் அவசரத்தில், பலரைக் குறிக்கும் 'தே' போட்டிருந்தேன். ஒருவர்தான், அது மரியாதைக்குச் சொல்வது என்றேன்.

"அடித்தவனை உன் அக்கா மதிக்கிறாளா?"

அவள் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே புரியவில்லை. கணவனை 'ஹீ' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கும் மொழியில் பிறந்தவள்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "கோர்ட்டுல மனு போடறப்பவாச்சும் 'அடிச்சான்'னு சொல்லுக்கா."

"சொன்னா, இந்த வாய்க்கு அடிக்காம என்ன பண்ணுவாங்கன்னு எம்மேலயே திருப்புவாங்க. உனக்கென்ன, அங்க உக்காந்துக்கிட்டு அவன் இவன்னு எழுதலாம். நான் அவங்ககூட ஒரே வூட்ல கெடக்கறேன்."

இன்று அவள் யாருக்கும் சொல்லாமல் தர்மபுரி கோர்ட்டுக்குப் போய், பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனு கொடுக்க வேண்டிய நாள். இங்கே காலை, அங்கே மதியம். 'தே'க்களை எல்லாம் அழித்து 'ஹீ' ஆக்கிக்கொண்டே அழைத்தேன். அவள் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எடுத்தது அவள் கணவன், என் மாமா.

"உங்கக்கா எங்க போயிருக்கா? உனக்குத் தெரியாம இருக்காதே."

என் விரல் இன்னும் அந்த 'ஹீ'யின் மேல் இருந்தது.

"தெரிலீங்க மாமா" என்றேன். "சாப்ட்டீங்களா?"