கதவு மேஸ்திரியின் வீடு

அவருடைய பெயரைச் சொல்லித் தேடினால் யாருக்கும் தெரியாது. கதவு மேஸ்திரி என்றால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். கட்டிய வீட்டை இடித்து மாற்றித் தருவதுதான் அவர் தொழில். எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும், காலை உள்ளே வைத்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கதவு இடம் மாறி உட்கார்ந்திருக்கு" என்பார். வெளிச்சம் வரவில்லையா, கதவு. மாமியார் மருமகள் சண்டையா, அதற்கும் கதவு. பாதி வீடுகளில் அவர் சொன்னது பலிக்கவும் செய்தது. மீதிப் பாதியைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை.

ஊரார் வீட்டில் கைவைக்கும் முன் தன் வீட்டில் வெள்ளோட்டம் பார்ப்பார். மனைவி பாடு திண்டாட்டம். கடைக்குப் போய்வருவதற்குள் ஜன்னல் நகர்ந்திருக்கும். "நான் கட்டிக்கிட்டது மனுஷனையா, கடப்பாரையையா?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். பின்பக்கம் இருந்த சமையலறையை வாசல் பக்கம் கொண்டுவந்து, நடைவழியின் கோடியில் அதற்கு இருந்த பழைய கதவைக் கழற்றி, அந்த வழியைச் செங்கல் வைத்து அடைத்தபோது மட்டும் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு அவளும் பழகிக்கொண்டாள்.

இப்போது அந்தப் பழக்கம்தான் அவளை விட்டுப் போய்விட்டது. மறதி நோய் கடைசியாக வந்ததை முதலில் கொண்டுபோகும் என்றார் டாக்டர். புதிய சமையலறை அவள் தலையிலிருந்து சுத்தமாக அழிந்தது. விடிந்ததும் எழுந்து விறுவிறுவென்று நடைவழியின் கோடிக்குப் போய், சுவரில் மோதிக்கொள்வாள். நெற்றியில் ரத்தம் வந்தாலும் விடமாட்டாள். உள்ளங்கையால் சுவரைத் தட்டித் தட்டி, "யாரு பூட்டினது? திறங்க! அவரு வேலைக்குக் கிளம்பணும், இன்னும் அடுப்பே பத்த வைக்கல" என்று கதறுவாள். அவர் வந்து தோளைப் பிடித்தால் கையை உதறித் தள்ளுவாள். பார்க்கச் சகிக்காது.

கடைசியாக மோதியதில் புருவம் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. செய்தி கேட்டு மகள் ஓடிவந்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்ப்பா. இனிமே உங்களால முடியாது. பராமரிப்பு இல்லத்துல பேசிட்டேன்."

"அங்க அவ ஒரு நாள் தாங்க மாட்டா. அவ மேல என்ன தப்பு? கதவு இடம் மாறிப்போச்சு. நான்தான் மாத்தினேன். பழையபடி வச்சுட்டா அவ பாட்டுக்குப் போவா, வருவா."

"எல்லாத்துக்கும் கதவுதானா?" மகளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அம்மாவுக்கு வந்திருக்கறது நோய்ப்பா."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் விடு. அன்னிக்கும் அவ முட்டிக்கிட்டா கூட்டிட்டுப் போ. நான் குறுக்கே நிக்க மாட்டேன்." பெற்ற மகளிடம் அவர் கைகூப்பினார்.

ஆள் தேடப் பொறுமையில்லாமல் தானே இறங்கினார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பழைய கதவு நிலைக்கு மேல் தாங்கலாகப் போட்டிருந்த லிண்டல் சுவருக்குள்ளேயே இருந்ததால் சுவர் சரியாது. அது ஒன்றுதான் ஆறுதல். மேலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தார். கெட்டியாகத்தான் பூசித் தொலைத்திருந்தார். தன் கைவேலையைத் தானே வாய்க்கு வந்தபடி திட்டினார். வழி திறந்ததும், எது எங்கே இருந்தது என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. அவளைக் கூட்டிவந்து வெற்று அறையின் நடுவில் நிறுத்தினார். அவள் கை தானாக இடப்பக்கம் நீண்டு உப்பு ஜாடியைத் துழாவியது. கை போன இடத்தில் பலகை அடித்தார். அவள் திரும்பி நின்ற பக்கம் அடுப்பு மேடையைக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நிலையின் ஓரம் கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருந்தபோது மகள் வந்துவிட்டாள். அம்மாவின் துணிகளைப் பையில் அடுக்கினாள். அந்த நேரம் பார்த்து அம்மா எழுந்து விறுவிறுவென்று நடந்து வந்தாள். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மோதும் சத்தம் வரவில்லை. அடுப்புப் பற்றும் சத்தம்தான் வந்தது. மகள் அப்பாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

மேஸ்திரி நடைவழியிலேயே உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் சிமெண்ட். சந்தோஷம் தாங்கவில்லை. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து, தள்ளி நின்று ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"குடிச்சுட்டுக் கிளம்புங்க மேஸ்திரி. எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம்."

"நான்..." என்று ஆரம்பித்தார்.

"இந்த வழி திறந்திருக்கறதைப் பார்த்தாருன்னா திரும்ப அடைச்சுடுவாரு. நான் பதமா எடுத்துச் சொல்லிக்கறேன். நீங்க இருந்தா வீணா சண்டை வரும்."

கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவரை வெளியே அனுப்பித் தாழ்ப்பாள் போட்டாள். அவர் வெளிக்குழாயில் முகம் கழுவினார். கொடியில் காய்ந்த சட்டையை மாட்டிக்கொண்டார். விரலால் தலையை வாரிக்கொண்டு, வேலை முடிந்து வருகிறவர் மாதிரி கதவைத் தட்டினார்.

சிரித்த முகத்தோடு ஓடிவந்து திறந்தாள். அவரைக் கண்டதும் அந்த முகம் சுருங்கிப்போனது.

"எதையாவது மறந்துட்டீங்களா மேஸ்திரி?"

அவர் மாட்டிய சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் பூச்சு வேலை பாக்கி இருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

அவள் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் வழிவிட்டாள்.