கடலில் களையெடுக்கப் போனோம்

நீங்கள் பொய் சொன்னீர்கள், சார். கடற்கரை ஊரின் சாவடியில் சிப்பிக் கம்பெனி அதிகாரியாக மைக்கைப் பிடித்துக்கொண்டு, திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்த கூலிப் பெண்கள் விவரம் தெரியாமல் கடலைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொன்னீர்கள். அந்தப் பெண்களைச் சேர்த்து வேனில் ஏற்றிக் கூட்டி வந்தவள் நான். கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. எங்களில் ஒருத்தியைக்கூடக் கூப்பிடவில்லை. இல்லாதவர்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டீர்கள்.

அதிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உலை வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன். வாசலில் நிற்க முடியாமல் காட்டுக்குப் போகிறேன். காட்டில் ஒரு வேலையும் இல்லை. திரும்பி வந்தால் சோறு குழைந்து கிடக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது வானம் பார்த்த கரிசல். மல்லியும் உளுந்தும் எடுத்தாகிவிட்டால், மாசிக்கு மேல் எந்தக் காட்டிலும் ஆளுக்கு வேலை கிடையாது. பஸ் ஏறி எங்கே வேலை இருக்கிறதோ அங்கே போவோம். அப்படி ஒரு மாசியில்தான் வேன் டிரைவர் வந்து சொன்னார்.

"யக்கா, கடக்கரையில கம்பெனிக்காரவுக சிப்பி வளக்குறாக. பொம்பளையாளு கேக்குறாக. களையெடுக்கிற மாதிரிதான். உக்காந்தே பாக்கலாம்."

"உக்காந்து பாக்குற வேலைன்னா ஒன்னயக் கூப்பிட்டிருப்பாகளே," என்றார் பாலவனத்தத்து மதினி. என் அண்ணன் சம்சாரம். வாய்க்குப் பயந்தே மேஸ்திரிகள் அவருக்கு நிழலில் இடம் கொடுப்பார்கள்.

போனோம். நாங்கள் பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர்க் கண்மாய்தான், அதுவும் மழை பெய்த வருஷத்தில். கடலைப் பார்த்ததும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

கடலில் மிதவைகள் கட்டி, அவற்றிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கயிற்றில் பச்சைச் சிப்பி ஒட்டி வளரும். வளர்ந்ததும் வெளியூருக்கு லோடு போகும். அந்தக் கயிறுகளைப் படகில் கொண்டுவந்து கரையோரச் சிமெண்டு மேடையில் எங்கள் முன்னால் போட்டார்கள். சிப்பியே கண்ணுக்குத் தெரியவில்லை. இளமஞ்சளாக ஏதோ ஒன்று சிப்பிகளை மூடி, வழிந்து, நுனியில் கொழகொழவென்று தொங்கியது.

"எந்த மகராசி மாவ ஆட்டி வச்சிட்டு மறந்துபோனா?" என்றார் மதினி. அன்றிலிருந்து எங்களுக்குள் அதன் பெயர் புளிச்ச மாவு.

நீங்கள்தான் விளக்கம் சொன்னீர்கள். ஸீ ஸ்குவர்ட் என்று பேர் என்றீர்கள். இது செடி இல்லை, உயிருள்ள பிராணி. கடல் தண்ணீரை உறிஞ்சி, அதில் இருக்கிற தீனியை வடிகட்டித் தின்னும். சிப்பிக்கு வரவேண்டியதையும் தின்று, சிப்பி வாயைத் திறக்க முடியாமல் மேலே படர்ந்து கொல்லும்.

"எங்க வீட்டு ஆம்பள மாதிரின்னு சொல்லுங்க," என்றார் மதினி. நீங்களும் சிரித்தீர்கள். ஞாபகம் இருக்கும்.

கையில் தகட்டைக் கொடுத்துச் சுரண்டச் சொன்னீர்கள். சுரண்டினோம். மேடையில் அது குவியத் தொடங்கியதும் நான் கேட்டேன்.

"சார், இத எங்கிட்டுக் கொட்ட?"

"அப்படியே கடல்ல தள்ளி விடுங்கம்மா. மீன் தின்னுக்கும்."

மோட்டார் போட்டு ஓஸ் பைப்பைப் பிடித்துக் காட்டியது உங்கள் ஆள்தான். தண்ணீர் அடித்த அடியில் குவியல் அத்தனையும் கடலுக்குள் போனது.

நாங்கள் ஏன் மறுபேச்சுப் பேசவில்லை என்று கேட்பார்கள். எங்கள் காட்டில் களையை வெட்டினால், வேர் மேலே தெரிகிற மாதிரி அங்கேயே புரட்டிப் போட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போய்விடுவோம். மிச்ச வேலையை வெயில் செய்யும். பொழுது சாயும்போது அது சருகு. அருகம்புல்லை மட்டும்தான் பொறுக்கி எடுத்து வரப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடுவோம். அது துண்டுக்குத் துண்டு முளைக்கும். இந்த மாவு அருகுக்குப் பங்காளி என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. களை என்றீர்கள். களையாகவே நினைத்து வெட்டிப் போட்டோம். கடலுக்குள் எதுவும் காயாது என்பது அங்கே உட்கார்ந்திருந்த ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்யச் சொன்னீர்கள். வைகாசியில் ஒருநாள் டீ குடிக்கும்போது நீங்களே பேசினீர்கள். ஏதோ ஒரு குளிர் தேசத்துச் சிப்பிப் பண்ணையில் வேலை பார்த்ததாகவும், அங்கேயும் இதுவே வந்ததாகவும் சொன்னீர்கள். அங்கே ஒரு துணுக்குக்கூடத் தண்ணீரில் விழக் கூடாதாம். சாக்கில் அள்ளிக் கரையேற்றிப் புதைப்பார்களாம். விழுந்த துண்டு எதில் ஒட்டுகிறதோ அதில் மறுபடி வளருமாம். எங்களுக்கு டீ கசந்துபோனது.

நான் கேட்டேன். "அப்ப இங்க மட்டும் ஏன் சார் கடல்லயே தள்ளச் சொல்றீக?"

"அங்க அதுக்குச் சட்டம் இருக்கு, செலவழிக்க ஆள் இருக்கு. இங்க யாரும்மா கேக்கப் போறா?"

அன்று சாயங்காலமே சாக்கு கேட்டேன். நாளைக்கு வரும் என்றீர்கள். மறுநாளும் கேட்டேன். வேலை பிடிக்கவில்லை என்றால் வேனைத் திருப்பச் சொல்லட்டுமா என்றீர்கள். வேனில் வந்த ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தேன். ஆடி பிறக்கவில்லை, மழை இல்லை. மறுபடி தகட்டை எடுத்தோம்.

அதற்கப்புறம் அந்தக் கரையில் எனக்கு நிம்மதி இல்லை. சுரண்டுவேன், நிமிர்ந்து தண்ணீரைப் பார்ப்பேன், மறுபடி சுரண்டுவேன். போன வாரம் சுரண்டிய கயிறு அடுத்த முறை மேலே வரும்போது முன்னைவிடக் கனமாக வரும்.

பிறகு கரையூர்ப் பெண் ஒருவர் வந்தார். கரையோரப் பாறைகளில் சிப்பி பெயர்த்து விற்றுத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. மடியில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் போட்டார். கல் முழுக்க மாவு. விரலால் வழித்துக் காட்டினார். அடியில் சிப்பிகள் வாய் பிளந்து செத்துக் கிடந்தன.

"எம் பாறை பூராம் இப்பிடித்தான் கெடக்கு. இது ஒங்க வேலைதான?"

"அவுக சொன்னத நாங்க செஞ்சோம்," என்றாள் எங்கள் வேனில் வந்த ஒருத்தி.

"தண்ணியவே பாக்காத ஊருக்காரிகளுக்குக் கடல்ல என்ன சோலி?"

மதினி தகட்டைக் கீழே வைத்தார். "தண்ணி இல்லாமத்தான தாயி வந்தோம். இருந்தா ஒங்க நாத்தத்துல வந்து ஏன் உக்காரப் போறோம்?"

"நாறுது நாறுதுன்னு எங்கடலுக்குள்ள நாத்தத்த வெதைச்சிட்டீகளே!"

மதினி குனிந்து அந்தக் கல்லைப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பெண் போகும்போது கல்லை எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் வந்து பார்த்தீர்கள். உங்கள் ஆள் அதைக் காலால் தள்ளினான். அதுவும் கடலுக்குள்தான் போனது.

அடுத்த வாரம் கரையூர் ஆண்கள் ரோட்டில் வேனை மறித்தார்கள். இறங்கு என்றார்கள். இறங்கினோம். ஒருவரும் எங்கள் மேல் கை வைக்கவில்லை. பார்த்த பார்வையே போதுமாக இருந்தது. வெயிலில் பஸ் நிற்கும் இடம்வரை நடந்தோம். அதற்குப் பிறகுதான் நீங்கள் சாவடியில் கூட்டம் போட்டீர்கள். அங்கே நீங்கள் பேசியதை, வேன் டிரைவரிடம் என் நம்பரை வாங்கி எனக்குப் போனில் சொன்னது அந்தக் கரையூர்ப் பெண்தான். சொல்லிவிட்டுக் கேட்டார்.

"நெசமா? ஒங்களுக்கு அவுக எதுவுமே சொல்லலையா?"

"சொன்னாக. தள்ளி விடுன்னு சொன்னாக," என்றேன்.

நீங்கள் சொன்ன பொய் கரையிலேயே நிற்கவில்லை. உப்பளத்துக்கு ஆள் கூட்டிப் போகலாம் என்று கேட்டேன். "நீங்கதான் கடலக் கெடுத்த செட்டா?" என்று மேஸ்திரி சிரித்தார். வீரசோழன் ஊர் வியாபாரி ஒருவர் மிளகாய் வத்தல் காம்பு கிள்ள எங்களைத்தான் வழக்கமாகக் கூப்பிடுவார். இந்த முறை அவர் வீட்டு ஆட்கள் வேறு ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். என்னை நம்பி வேனில் ஏறியவர்கள் காலையில் என் வாசலில் வந்து நிற்கிறார்கள். "என்னக்கா, ஏதும் சேதி?" என்கிறார்கள். இல்லை என்கிறேன். மதினி மட்டும் உள்ளே வந்து என் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறார். அதுதான் என்னை அதிகமாக அரிக்கிறது.

மதுரையில் இருக்கும் உங்கள் ஆபீசுக்கு வந்தேன். சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். இன்னொரு நாள் வந்தேன். சார் வெளியூர் என்றார்கள். மாடியில் உங்கள் குரல் கேட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் காரியாபட்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

அப்புறம் போனில் தேடித் தேடிப் படித்தேன். இந்த ஜாதிப் பிராணி தானாக நீந்தித் தூரம் போகாது. குஞ்சாக இருக்கும்போது கொஞ்ச நேரம் நீந்தும். பிறகு ஒட்டிய இடத்திலேயே கிடக்கும். ஆனாலும் இந்தக் கண்டத்திலிருந்து அந்தக் கண்டத்துக்குப் போயிருக்கிறது. கப்பலின் அடியில் ஒட்டிப் போயிருக்கிறது, சிப்பிக் குஞ்சோடு போயிருக்கிறது, பழைய கயிற்றோடும் மிதவையோடும் போயிருக்கிறது. போன துறைமுகம் எல்லாம் படர்ந்து, சுரண்டிய இடத்தில் இன்னும் கூடுதலாகப் படர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு இடத்திலும் அதை யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு போய்தான் விட்டிருக்கிறார்.

எங்கள் கடலுக்கு அதைத் தூக்கி வந்தது யார்? நாங்கள் முதல் நாள் வந்து உட்கார்ந்தபோதே கயிறு முழுக்க மாவு தொங்கியது. அதைச் சுரண்டத்தானே எங்களைக் கூப்பிட்டீர்கள்? கரிசக்காட்டிலிருந்து சேலைத் தலைப்பில் முடிந்து நாங்கள் கொண்டுவந்தோமா? உங்கள் கயிறுகள் புதுசு இல்லை. எல்லாவற்றிலும் பழைய முடிச்சுகள் இருந்தன, வேறு யாரோ அடித்த சாயம் இருந்தது. சுரண்டும்போது அந்த முடிச்சுகளை அவிழ்த்தவர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரியும்.

என் கையால் தள்ளியதை நான் இல்லை என்று சொல்லவில்லை. கரையூர்ப் பெண் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியும். உங்களால் முடியுமா?

வாருங்கள், சார். அதே சாவடிக்கு வாருங்கள். ஊரே உட்கார்ந்திருக்கட்டும், பாறையை இழந்தவர் முன்னால் இருக்கட்டும், நாங்களும் இருப்போம். அதே மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: அந்தக் கயிறுகளை எந்தத் துறைமுகத்திலிருந்து வாங்கினீர்கள்? துண்டு விழுந்தால் முளைக்கும் என்று தெரிந்தும் கடலில் தள்ளச் சொன்னது யார்?