அண்ணாந்து குடித்துச் சொன்ன தீர்ப்பு

புதன்கிழமை பசுவந்தனையில் பேருந்து ஏறியவர்கள் நானும் அம்மாவும். கோவில்பட்டியில் எங்களோடு சேர்ந்துகொண்டவர் செல்லத்துரை மாமா. அம்மாவின் தம்பி, அங்கே சிறிதாக ஒரு சோடா கம்பெனி வைத்திருக்கிறார். வராதவர் அப்பா. வராதவர் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கப்பலில் சமையல் வேலை பார்க்கிறார். அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கேக் வெட்டும்போது மேடையில் நுரை பொங்க ஒரு பாட்டில் திறக்க வேண்டும். சாராயம் இல்லாத ஒயின் கடைகளில் கிடைக்கிறது, அது போதும் என்றார். அப்பா குடியை விட்டு நான்கு வருடம் ஆகிறது. முதல் மடக்கு பெண்ணைப் பெற்றவருக்குத்தான் கொடுப்பார்கள். அது அவரைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுமா என்பதுதான் அம்மாவின் பயம். அதனால் மேடைக்கு வரும் முன் நாங்களே குடித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

காலை 7.20. எனக்கு டிக்கெட் இருபது ரூபாய், அம்மாவுக்கு இலவசம். சாலையின் இருபுறமும் அறுவடை முடிந்த கரிசல், கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. "மதினி, விசேஷ வீட்டுச் சாமான் வாங்கவா?" என்றார் நடத்துனர். அம்மா "காய்கறி" என்றாள். பொய்க்கு ஒத்துப்போகும்படி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

9.15. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய கடையில் மூன்று வகை இருந்தது. 290 ரூபாய்க்குச் சிவப்பு, 450க்கு வெள்ளைத் திராட்சைச் சாறு, 890க்குத் தக்கையும் கம்பியும் போட்ட பச்சை பாட்டில். மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கினோம். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் லேபிளை நான் வாசித்தேன். முதல் இரண்டும் வாயு ஏற்றிய சாறு. மூன்றாவது, ஒயினாகவே புளிக்கவைத்து அதிலிருந்து ஆல்கஹாலை நீக்கியது; மிச்சம் அரை சதவீதத்துக்கும் குறைவு. அரைக்கும் கீழே என்றால் இல்லாத கணக்குத்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

10 மணி, மாமாவின் சோடா கம்பெனி. மூன்று எவர்சில்வர் டம்ளர். பச்சை பாட்டிலின் தக்கை தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்து மாமாவின் தோளில் விழுந்தது.

"ஏ மருமவனே, இருவது வருசமா கேஸ் அடிக்கேன், என் சரக்கு ஒருநாளும் என்னைய அடிச்சதில்ல!"

மூவரும் எங்கள் வழக்கப்படி உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடித்தோம். சிவப்பு இருமல் மருந்துபோல் இனித்தது. வெள்ளை பரவாயில்லை. பச்சை பாட்டிலில் இனிப்பே இல்லை. லேசான புளிப்பு, நாக்கில் ஊசி குத்துவதுபோல் நுரை. மாமா டம்ளரைக் காதருகே வைத்து நுரையின் சத்தத்தைக் கேட்டார்.

"பொடிக் குமிழியா வருது பாரு. இதாம்லே வேலைப்பாடு. இதையே எடுங்க."

"நாத்தம் இருக்கா?" அம்மாவுக்கு அது ஒன்றுதான் கவலை.

"நீதான சொல்லணும்க்கா. அத்தான் சட்டைய நீதான தொவைச்ச?"

அம்மா இன்னொரு முறை அண்ணாந்து ஊற்றி விழுங்கினாள். "ஒண்ணும் தெரியல" என்றாள். நானும் அப்படியே சொன்னேன். மூன்று பேரும் ஒரே தீர்ப்பு. திறந்த பாட்டிலில் தக்கை திரும்ப ஏறவில்லை. மிச்சமிருந்த வெள்ளையையும் பச்சையையும் மாமா தன் கம்பெனியின் இரண்டு கலர் சோடா பாட்டில்களில் ஊற்றி மூடி அடித்துக் கொடுத்தார்.

மதியம் இரண்டு மணிக்கு வீடு. அப்பா வாசலில் மண்வெட்டிக்கு ஆப்பு வைத்துக்கொண்டிருந்தார். மறைக்க மனம் வராமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னைய விட்டுட்டா போனிய?" என்றார். கோபம் இல்லை. "ஊரெல்லாம் தேடுனாலும் என்னைய மாதிரி நாக்கு கெடைக்காதேடா."

"போதும், பேச்சைப் பாரு" என்றாள் அம்மா.

பச்சை பாட்டில் சரக்கை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அப்பா அண்ணாந்து குடிக்கவில்லை. உதட்டில் வைத்தார். மூக்கு டம்ளருக்குள் இருந்தது. குடிக்காமல் கீழே வைத்தார்.

"போதை இருக்குமோ இருக்காதோ, எனக்குத் தெரியாதுய்யா. வாசனை அதேதான். இது வேண்டாம்."

"நாங்க மூணு பேரும் குடிச்சுப் பாத்தோமே."

"எப்படிக் குடிச்சிய?"

அம்மா கையை உயர்த்தி அண்ணாந்து காட்டினாள். அப்பா சிரித்துவிட்டார்.

"இதைக் குடிக்கவன் எவனாவது அண்ணாந்து குடிப்பானாட்டி?"

அம்மா டம்ளரை எடுத்து முகர்ந்தாள். உடனே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதற்குள் அப்பா வெள்ளையை ஊற்றி, உதட்டில் வைத்து, முழுவதும் குடித்துவிட்டு, "இது கலரு. பயமில்ல" என்றார். பச்சை பாட்டில் சரக்கை அவரே எடுத்துப்போய் வீட்டுக்குப் பின்னால் நிலத்து வெடிப்பில் கவிழ்த்தார். ஒரு சொட்டு வெளியே வழியவில்லை.

கோவில்பட்டிப் பக்கம் இந்தப் பானம் தேடிப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: விலையைப் பார்க்காதீர்கள், லேபிளை முழுதாக வாசியுங்கள், எச்சில் பார்க்காமல் உதட்டில் வைத்துக் குடியுங்கள். குடித்துப் பார்க்கப் போகும்போது, சுவை தெரிந்தவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வியாழக்கிழமை அதே 7.20 பேருந்தில் மூன்று பேர் ஏறினோம். "இன்னைக்கும் காய்கறியா மதினி?" என்றார் நடத்துனர். அம்மா முந்திக்கொள்வதற்குள் அப்பா, "இல்லண்ணாச்சி, மகளுக்கு ஒயின் வாங்கப் போறோம்" என்றார். பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளையில் இரண்டு பாட்டில் வாங்கினோம், 900 ரூபாய். முதல் நாள் மூன்று பாட்டில் 1,630. இரண்டு நாளும் போக வர என் டிக்கெட் 80, அப்பாவுக்கு 40. ஆக மொத்தம் 2,650 ரூபாய். அப்பாவை முதல் நாளே கூப்பிட்டிருந்தால், லேபிளை வாசித்ததுமே வேண்டாம் என்றிருப்பார்; பச்சை பாட்டிலின் 890 ரூபாயாவது மிஞ்சியிருக்கும்.