சீமை எம்.பி. எங்கள் பின்வாசலைத் தட்டிய நாள்

லண்டன் நாடாளுமன்றத்தில் இருபது வருஷத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரை, கண்டனூர் வெயிலில் இரண்டு தெருவைச் சுற்றி நடக்க வைத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. தப்பென்று தெரிந்தேதான் செய்தேன்.

எல்லாம் என் தங்கச்சிக்காக. அவள் கூடப் பிறந்தவள் இல்லை, சித்தப்பாவின் மகள். என்னைவிட மூன்று வயது சின்னவள். ஒரே பாயில் தூங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். பல் விழுந்தால்கூட என்னிடம்தான் முதலில் கொண்டுவந்து காட்டுவாள்.

பர்மாவில் எங்கள் கடை பறிபோன பிறகு, அப்பச்சி, அதாவது என் அப்பா, ஊரிலேயே தங்கிவிட்டார். சித்தப்பா இங்கிலாந்துக்குப் போய், வடக்கே ஏதோ ஓர் ஊரில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் கப்பலேறியபோது சின்னாத்தா, அதாவது என் சித்தி, ஐந்து மாதக் கர்ப்பம். ஆகவே தங்கச்சி தன் அப்பாவைப் பார்த்ததே இல்லை. வருஷத்துக்கு ஒரு போட்டோ இங்கிருந்து போகும், ஒரு போட்டோ அங்கிருந்து வரும். அவ்வளவுதான் அவர்களுக்குள் பழக்கம்.

ஆறு வருஷம் கழித்து, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளச் சித்தப்பா விண்ணப்பித்தார். அவரை அங்கே கூப்பிட்டுச் சில கேள்விகள் கேட்டார்கள். அதே கேள்விகளைச் சென்னையில் ஓர் அலுவலகத்தில் சின்னாத்தாவிடம் கேட்டார்கள். துணைக்கு அப்பச்சி போயிருந்தார். இரண்டு மணி நேரம் உள்ளே வைத்துக் கேட்டார்களாம். சில மாதம் கழித்து, அனுமதி இல்லை என்று கடிதம் வந்தது. அதை அப்பச்சி வளவில், வீட்டின் நடுமுற்றத்தில், உட்கார்ந்து படித்துப் பொருள் சொன்னார்.

"வீட்டு வாசல் எந்தத் திசைன்னு கேட்டதுக்குத் தம்பி கிழக்கேன்னு சொல்லிருக்கான். இவ மேக்கேன்னு சொல்லிருக்கா. ஒரே வீட்ல குடும்பம் நடத்துனவகளா இருந்தா ஒண்ணு போலச் சொல்லிருப்பாகளாம்."

இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. கிழக்கே முகப்பு வாசல், நடுவே மூன்று கட்டு, மேற்கே பின்வாசல். ஆண்கள் கிழக்கு வாசலில் போய் வருவார்கள். பெண்களுக்குத் தண்ணீர், காய்கறிக்காரி, அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாமே மேற்கு வாசல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சின்னாத்தா கோலம் போட்ட வாசலும் அதுதான். வாசல் எது என்று கேட்டால் அவள் வேறு எதைச் சொல்வாள்?

கடிதத்தின் கடைசி வரியை அப்பச்சி படிக்காமல் மடித்துவிட்டார். ஆனாலும் அது எப்படியோ ஊருக்குள் போய்விட்டது. அந்தப் பிள்ளை அந்த மனிதருக்குப் பிறந்ததுதான் என்று நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்ததாம். அதற்குப் பிறகு சின்னாத்தா எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. தலையில் பூ வைப்பதையும் விட்டுவிட்டாள். பேச்சும் குறைந்துபோயிற்று. எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தங்கச்சி எங்கும் போகப் போவதில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன்.

சித்தப்பா சும்மா இருக்கவில்லை. தன் ஊர் எம்.பி.யைப் போய்ப் பார்த்தார். சனிக்கிழமை காலையில் அந்த மனிதர் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருப்பாராம். கூரை ஒழுகுகிறவர்கள், பென்ஷன் வராதவர்கள், ஆலையில் விரலை இழந்தவர்கள் என்று யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று குறையைச் சொல்லலாமாம். அன்றிலிருந்து சித்தப்பாவின் கடிதங்கள் பாதிக்கு மேல் அவரைப் பற்றியே வந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பச்சி உரக்கப் படிப்பார், நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம்.

பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அவருடைய அப்பா சுரங்கம் சரிந்து அதற்குள்ளேயே இறந்தவர். வேலை முடிந்து கரி அப்பிய முகத்தோடு போய்ப் படித்தவர். தொழிற்சங்கத்தில் பேசிப் பேசி நாடாளுமன்றத்துக்குப் போனவர். வெள்ளைக்காரர்கள் இந்தியாவை விட்டு வெளியேற வேண்டும் என்று வெள்ளைக்காரர்களின் தெருவிலேயே பெட்டி மேல் ஏறிநின்று பேசி அடி வாங்கியவர். மந்திரி பதவி வாசல் வரை வந்தும், தன் கட்சிக்கே எதிராக ஓட்டுப் போட்டு அதைக் கெடுத்துக்கொண்டவர். ஒரு முறை கட்சியைவிட்டே அவரை வெளியேற்றி, பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டார்களாம்.

அப்பச்சிக்கு இது பிடிக்கவில்லை. "பர்மாவுல நம்ம கடையப் புடுங்குனதும் செவப்புக்கொடிக்காரங்கதேன். இவரும் அந்தக் கூட்டந்தேன். போயும் போயும் இவர்கிட்டப் போயி நிக்கிறானே" என்றார். ஆனால் சித்தப்பாவுக்கு வேறு யார் கதவைத் திறந்தார்கள்? அப்பச்சியும் தம்பிக்கு அதை எழுதவில்லை.

ஒரு மார்கழியில் கடிதம் வந்தது. எம்.பி. தொழிற்சங்க மாநாடு ஒன்றுக்கு மதுரை வருகிறார். அங்கிருந்து ஒரு நாள் கண்டனூருக்கு வந்து வீட்டைத் தானே பார்க்கப்போகிறார். "ரெண்டு வாசலையும் அவரு கண்ணால பாத்துட்டாப் போதும், இவகளை அனுப்பிருவாக" என்று அப்பச்சி ஆத்தாவிடம், என் அம்மாவிடம், சொன்னது என் காதில் விழுந்தது. அந்தக் கணமே நான் முடிவு செய்துவிட்டேன்.

அவர் வந்த அன்று வீடே தலைகீழாக இருந்தது. ரங்கூனில் துரைமார்களோடு பழகிய பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி காரைக்குடியிலிருந்து ரொட்டியும் வெண்ணெயும் வந்திருந்தன. அம்பாசிடர் காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஏமாற்றம். துரை என்றால் நெடுநெடுவென்று இருக்க வேண்டாமா? இவர் எங்கள் கணக்குப்பிள்ளை உயரம்தான் இருந்தார். கசங்கிய கோட்டு, வழுக்கைத் தலை, மூச்சு விடும்போது ஒரு சீட்டிச் சத்தம். கைகளில் பச்சை குத்தியது போல நீல நீலமாகத் தழும்புகள். மொழிபெயர்க்க வந்திருந்த காரைக்குடி இங்கிலீஷ் வாத்தியார், காயத்துக்குள் கரித்தூள் போய் அப்படியே தங்கிவிட்டது என்று விளக்கினார். ரொட்டியை அவர் தொடவில்லை. காரோட்டியின் இலையில் இருந்த வெள்ளைப் பணியாரத்தைக் காட்டி அதைக் கேட்டு வாங்கி, ஆறு தின்றார்.

வீட்டுப் பெண்கள் எல்லோரும் தூண்களுக்குப் பின்னால் நின்று முன்கட்டில் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்கட்டுக்கு ஓடி, பின்வாசல் கதவைப் பூட்டி, முழ நீளச் சாவியைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவரை ஒவ்வொரு கட்டாக அழைத்துவந்தார்கள். பின்வாசலுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது, ஆணியில் சாவி இல்லை. அப்பச்சிக்கு முகம் சிவந்தது. ஆத்தா அடுப்படிக்கும் மூன்றாம் கட்டுக்குமாக ஓடினாள். மதுரை மாநாட்டிலிருந்து அவரோடு கூட வந்தவர்களில் ஒருவர், திறக்காத கதவையா காட்டக் கூட்டிவந்தார்கள் என்பது போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சின்னாத்தா சுவரோடு சுவராக நின்றாள்.

எம்.பி.தான் கண்டுபிடித்தார். என் பாவாடை இடுப்பில் சாவியின் நுனி துருத்திக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து வாத்தியாரிடம் ஏதோ கேட்டார்.

"ஏன் பூட்டுனேன்னு கேக்குறாரு, ஆத்தா. சொல்லு, பயப்படாத" என்றார் வாத்தியார்.

"தொறந்தா தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிருவாக" என்றேன்.

அப்பச்சி கையை ஓங்கிவிட்டார். நடுவில் அந்த நீலத் தழும்புக் கை வந்து நின்றது. வாத்தியார் நான் சொன்னதை மொழிபெயர்த்தார். எம்.பி. மெதுவாக ஏதோ சொன்னார்.

வாத்தியாருக்கே ஆச்சரியம். "சாவி அவகிட்டயே இருக்கட்டும்கிறாரு. நாம வெளிய போயி அங்குட்டுச் சுத்தி வருவோம்கிறாரு."

எல்லோரும் முகப்புக்குத் திரும்பினார்கள். அவர் சின்னாத்தாவைப் பார்த்து, நீங்களும் வாருங்கள் என்று கையைக் காட்டினார். ஆண்கள் கூட்டத்தோடு கிழக்கு வாசல் வழியாகச் சின்னாத்தா தெருவில் இறங்கியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஊரே பின்னால் போயிற்று. வழியில் இரண்டு இடத்தில் அவர் மூச்சு வாங்கி நின்றாராம். மூன்றாவது இடத்தில் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாராம். இதெல்லாம் பிறகு கேட்டது. நானும் தங்கச்சியும் பூட்டிய கதவுக்குள்ளே நின்றிருந்தோம்.

"ஏன்க்கா பூட்டுன?" என்று கேட்டாள் தங்கச்சி. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கதவு தட்டப்பட்டது. அக்கம்பக்கத்து ஆள் தட்டுவது போல மூன்று தட்டு. நான் அசையவில்லை. மறுபடியும் மூன்று தட்டு. அப்புறம் சின்னாத்தாவின் குரல். பல மாதங்களாக அந்தக் குரலை நான் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

"ஆத்தா, நாந்தேன். தொற."

திறந்துவிட்டேன். அவளுக்குத் திறக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

வாசலில் வியர்த்து விறுவிறுத்து அவர் நின்றார். அவர் காலடியில் சின்னாத்தா காலையில் போட்ட கோலம். எங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். ஆகவே அங்கிருந்து பார்த்தால் மூன்று கட்டையும் தாண்டி, கிழக்கு வாசலில் நின்ற அவருடைய கார் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தார். பையிலிருந்து சின்னக் கேமராவை எடுத்து ஒரு படம் பிடித்தார்.

அப்போதுதான் சின்னாத்தா பேசினாள். அந்நிய ஆணிடம் அவள் நேராகப் பேசி நான் கண்டதில்லை.

"ஐயா, எம்புள்ள அவுக புள்ளதேன்."

வாத்தியார் தயங்கித் தயங்கி அதை இங்கிலீஷில் சொன்னார். பதிலை வாங்கிக்கொண்டு சின்னாத்தாவிடம் திரும்பினார். "அதச் சொல்ல வேண்டியதே இல்லங்கிறாரு ஆச்சி. அவரு வாசலப் பாக்க மட்டுந்தேன் வந்தாராம்."

சின்னாத்தா நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளைக்காரரைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சில மாதத்தில் அனுமதி வந்தது. இரண்டு வாசல் உள்ள வீட்டைப் பற்றி அவர் நாடாளுமன்றத்தில் பேசியபோது சிலர் சிரித்தார்களாம். அவர்கள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து மீண்டும் பேசினாராம். தங்கச்சியை வழியனுப்ப நான் போகவில்லை. நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "அக்கா, அக்கா" என்று வீடெல்லாம் தேடிவிட்டு அவள் காரில் ஏறினாள்.

அதற்குப் பிறகு அங்கே தேர்தல் வந்தது. தேர்தல் முடிந்து சித்தப்பாவின் கடிதம் வந்தபோது அப்பச்சி அதை உரக்கப் படிக்கவில்லை. தனக்குள்ளேயே இரண்டு முறை படித்தார். பிறகுதான் ஆத்தாவிடம் சொன்னார். எம்.பி. தோற்றுவிட்டார். நம்மை விட்டுவிட்டுக் கறுப்பர்களின் பெண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குகிறார் என்று எதிர்த்து நின்றவர்கள் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் போட்டார்களாம். கூடவே சுரங்கத்தில் இறங்கியவர்கள்கூட மாற்றி ஓட்டுப் போட்டுவிட்டார்களாம். சித்தப்பா போய்க் கையைப் பிடித்து அழுதபோது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றா என்று அவர் கேட்டாராம்.

அப்பச்சி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போனார். ஓர் அர்ச்சனை செய்ய வேண்டும் என்றார். பெயரை அவர் மூன்று முறை சொல்லியும் குருக்கள் வாயில் அது நுழையவில்லை.

"நட்சத்திரம் என்ன?" என்று கேட்டார் குருக்கள்.

அப்பச்சி சற்று யோசித்தார். "எந்தம்பி நட்சத்திரத்தையே சொல்லுங்க" என்றார்.

மணி அடித்தது. கற்பூர வெளிச்சத்தில் அப்பச்சியின் கண்கள் நனைந்திருந்தன. நான் அவர் பக்கத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தோற்றுப்போனவர் கூட்டிப்போன பிள்ளையை இனி அந்த ஊரில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், சீக்கிரம் திருப்பி அனுப்பச் சொல்லு பிள்ளையாரே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.