மிதக்கும் கல்லும் பல் டாக்டரும்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் எரிமலை. கோபக்காரர் என்று நினைக்க வேண்டாம். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். வியாதி வேறு.

நான் மனை விற்கிறவன். ஊருக்கு வெளியே குன்றடியில் இருக்கும் மனைகளை வாங்க வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது அத்தான் வேலை. ஒருநாள் அக்கா குதிகால் தேய்க்க அந்தக் குன்றிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். அது வாளித் தண்ணீரில் விழுந்தது. விழுந்த கல் மூழ்காமல் மிதந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

குன்றின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். ஆறு பட்டை வைத்த கருங்கல் தூண்கள், பெட்டியில் அடுக்கிய பென்சில்கள் மாதிரி நின்றன. இது எரிமலைதான் என்று முடிவு கட்டிவிட்டார். கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரையே கையோடு இழுத்து வந்தார். அவர் தூணைத் தட்டிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், "இந்தப் பக்கம் எரிமலை இருந்ததா எந்த மேப்லயும் இல்லையே" என்றார். ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போனவர்தான், ஆளையே காணோம்.

அத்தான் விடுவாரா? மனை பார்க்க வருகிறவர் முன்பணம் எடுக்கும் நேரம் பார்த்து, "சார், மறைச்சு வைக்கக் கூடாது பாருங்க, ஒரு விஷயம் சொல்லிடறேன்" என்று ஆரம்பிப்பார். வந்தவர் பையை மூடிக்கொள்வார். எனக்கு வயிறு எரியும்.

"கல்லைக் கட்டிக்கிட்டு அழுற மனுஷனுக்கு என்னைக் கட்டி வச்சுட்டாங்க" என்று அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவாள்.

கடைசியில் ஒரு பல் டாக்டர் வந்தார். நான் கறாராகச் சொல்லிவிட்டேன். "அத்தான், இன்னைக்கு நீங்க வாயைத் திறந்து இவரும் போயிட்டார்னா, நாளைக்கு நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

அவர் முகம் சுருங்கிப்போனது. இந்த வயதில் அவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. காவலுக்கு அக்காவையும் அழைத்துக்கொண்டேன்.

அத்தான் அன்றைக்கு வாயைத் திறக்கவே இல்லை. தண்ணீர் வசதியைக்கூடக் கையைக் காட்டித்தான் விளக்கினார். டாக்டருக்கு மனை பிடித்துவிட்டது. காரில் ஏறப் போனவர், காலில் இடறிய கல்லைக் குனிந்து எடுத்தார்.

"என்ன இது, சொத்தைப் பல் மாதிரி ஓட்டை ஓட்டையா?"

அத்தான் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஓ, புரிஞ்சுபோச்சு. ஏதோ தொழிற்சாலைக் கழிவைக் கொட்டி மூடியிருக்கீங்க. குப்பை மேல வீடு கட்டச் சொல்றீங்களா?"

அத்தானின் கண் கலங்கிவிட்டது. அப்போதும் பேசவில்லை. பேசியது அக்கா.

"யாரைப் பார்த்துக் குப்பைங்கறீங்க? இது பூமிக்குள்ள கொதிச்சு, நுரைச்சு, வெளிய வந்த கல்லு! தண்ணியில போடுங்க, மிதக்கும்! பின்னாடி போய்ப் பாருங்க, தூண் தூணா நிக்குது. பேராசிரியருக்கே விளங்கல. உங்களுக்குப் பல்லைப் பிடுங்கறதைத் தவிர என்ன தெரியும்?"

"எரிமலையா?" என்றார் டாக்டர். "குப்பையே பரவாயில்லைம்மா." கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அக்காவை முறைத்தேன். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"என்னடா முறைக்கிற? அவர் வாயைத் திறந்தாரா? பேசினது நான். முடிஞ்சா என்னை வேலையை விட்டு எடு."

அவள் என்னிடம் வேலை பார்த்தால்தானே எடுப்பதற்கு!

அத்தான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இதை நம்புறியா?"

"தினமும் அந்தக் கல்லுலதானே காலைத் தேய்க்கிறேன். எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா, எங்கோ பார்த்துக்கொண்டு.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மச்சான், இனிமே நான் பேசலாமா?"

"பேசித் தொலைங்க. நாளைக்கு நேரத்துக்கு வந்து சேருங்க."

அவர் என்னிடம் பேசவில்லை. அக்காவின் பக்கம் திரும்பி, வாளியில் கல் விழுந்த நாளிலிருந்து ஆரம்பித்தார். அக்கா எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்து, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முழுவதும் கேட்டாள்.