மாமியாருக்கு ஒரு தனி வாசல்

ஓசூரில் என் பெயர் மதுரைக்காரர். நான் அருப்புக்கோட்டைக்காரன். மதுரையில் பஸ் மாறியதைத் தவிர எனக்கும் அந்த ஊருக்கும் பெரிய கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனால் சேலத்துக்குத் தெற்கே இருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் இங்கே மதுரைக்காரர்கள்தான். முதல் ஐந்து வருடம் திருத்திப் பார்த்தேன். மார்ச் மாதக் காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதை எப்போது நிறுத்தினேனோ, அப்போதே இதையும் நிறுத்திவிட்டேன். இப்போது நானும் ஸ்வெட்டர் போடுகிறேன். அருப்புக்கோட்டைக்குப் போனால் அங்கே என்னை ஓசூர்க்காரர் என்கிறார்கள். அதையும் திருத்துவதில்லை.

தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு லேஅவுட் போடுகிற வேலை. எந்த மெஷின் எதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், ஆள் எத்தனை அடி நடந்து ஸ்பேனரை எடுக்கிறார், அதை எப்படி இரண்டு அடியாக்கலாம் என்று பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம். நோட்டுப் புத்தகத்தோடு தொழிலாளிகளின் பின்னாலேயே போய் நடையை எண்ணுவேன். வீணான நடைதான் எங்கள் டிபார்ட்மெண்டின் எதிரி. இந்தப் புத்தியோடு ஒருவன் சொந்த வீடு கட்டக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை, ஊரில் இருப்பவர்களும் என்னைப்போல் பெட்டியோடு இங்கே வந்து இறங்கியவர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

வீடு கட்ட வேண்டிய அவசரம் என் மாமியாரால் வந்தது. என் மனைவி செல்வி ஒரே பெண். மாமனார் போனபிறகு அத்தை அருப்புக்கோட்டையில் தனியாக இருந்தார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரம்மா வந்து கதவைத் தட்டும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். செய்தி வந்த அன்று செல்வி சமைக்கவில்லை. செல்போனில் இன்கமிங் இலவசமாகியிருந்த புதிது. நாங்கள் அழைத்து அழைத்துக் கெஞ்சினோம். அவர் பதில் ஒன்றுதான். பொண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா? நாலு நாள் வந்து போகலாம், ஐந்தாம் நாள் ஊர் சிரிக்கும். எந்த ஊர் சிரிக்கும் என்று கேட்டேன். ஓசூரில் அவரை யாருக்கும் தெரியாது. அவர் போனை வைத்துவிட்டார்.

நான் கண்டுபிடித்த தீர்வு எனக்கே பிரமாதமாகத் தெரிந்தது. நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவிலேயே ஒரு மனை கிடைத்தது. அதில் எங்களுக்கு ஒரு வீடு, அவருக்கு ஒட்டினாற்போல் ஒரு சின்ன வீடு, நடுவில் ஒரு கதவு. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் எங்கள் ஆலைக்கு வந்தபோது தன் அம்மாவுக்கு இப்படித்தான் கட்டியிருப்பதாகச் சொன்னார், அதற்கு கிரானி ஃபிளாட், அதாவது கிழவி வீடு, என்று பெயராம். அந்தப் பெயரை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அத அம்மாகிட்ட சொல்லிறாதீங்க" என்றாள் செல்வி.

முறைப்படி செய்ய வேண்டும் அல்லவா? விவரம் திரட்டச் செல்வியோடு அருப்புக்கோட்டைக்குப் போனேன். அத்தை அடுப்படியிலிருந்து கொல்லைக்கு எத்தனை தடவை போகிறார், தண்ணீர்க் குடத்துக்கு எத்தனை அடி என்று காலையிலிருந்து பின்னாலேயே நடந்து குறித்தேன். என் எதிரே நாற்காலியில்கூட உட்காராதவர் அவர். நான் பக்கத்தில் நின்றாலும் எனக்குச் சொல்ல வேண்டியதைச் செல்வியிடம்தான் சொல்லுவார். மத்தியானம் மகளை ஓரமாக அழைத்து, "மாப்ளைக்கு ஒடம்புக்கு ஏதும் செய்யுதாத்தா? காலைலருந்து என் பின்னாலயே வர்றாரு. டாக்டர்ட்ட காமிச்சியா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மேஸ்திரி முனிராஜ் மனையைப் பார்க்க வந்தார். ஆளுக்கு ஒரே வாய், அதில் மூன்று மொழி. மணல் லாரிக்காரரிடம் கன்னடம், சித்தாளிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். என் பிளானைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பின்னாடி போர்ஷன் வாடகைக்குத்தானே சார்? அப்ப இவ்ளோ பெரிய ரூம் எதுக்கு? நாலா தடுத்துடலாம். ரூமுக்கு நாலு பேச்சுலர் பசங்க. டாய்லெட்ட வெளிய வெச்சிக்கலாம்" என்றார். ஓசூரில் தனி போர்ஷன் என்றால் ஷிப்டுக்குப் போகும் பையன்களுக்கு என்றுதான் பொருள்.

"வாடகைக்கு இல்லைங்க. என் மாமியாருக்கு."

முனிராஜ் பிளானை மறுபடி பார்த்தார். "மாமியாருக்கா? அப்ப நடுவுல கதவு எதுக்கு சார்?" என்று சிரித்தார். நான் அதை மாமியார் ஜோக்குகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டு கூடவே சிரித்தேன். மொத்தப் பிளானிலும் அந்த மனுஷன் ஒருவர்தான் விஷயத்தைத் தொட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பூமி பூஜைக்கு அத்தையை எப்படியோ வரவழைத்துவிட்டோம். எங்கள் ஆலையில் புது மெஷின் வருமுன் தரையில் அதன் அளவுக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டு, ஆளை நடக்கவிட்டுப் பார்ப்போம். அதேபோல மனை முழுக்கச் சுண்ணாம்புப் பொடியால் வீட்டை முழு அளவில் வரைந்து வைத்திருந்தேன். எதிர்வீட்டு கௌரம்மா, கன்னடக்காரர், இது என்ன பூஜை என்று மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையைக் கோட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினேன். இது உங்கள் கட்டில், இது குளியலறை, பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத டைல்ஸ். இது கதவு. கட்டிலிலிருந்து இறங்கினால் எங்கள் அடுப்படி பதினொரு அடிதான். நீங்கள் தெருவில் கால் வைக்கவே வேண்டாம்.

அத்தை அந்தக் கதவு இடைவெளிக்கு முன்னால் நின்றார். சுவர் இல்லாத வெறும் மண்தான். ஆனாலும் தாண்டவில்லை.

"செல்வி, மாப்ளட்ட சொல்லு. வீடு லட்சணமா இருக்கு. ஆனா இந்தக் கதவு இருந்தா இது மாப்ள வீடு. மாப்ள வீட்டுல நான் எத்தன நாளைக்கி இருக்க?"

"பூட்டி வெச்சுக்கலாம் அத்தை, சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

"பூட்டுனாலும் கதவு கதவுதானன்னு சொல்லு."

"கதவு இல்லன்னா தெருவச் சுத்தி வரணும். முப்பத்தெட்டு அடி!" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஒரு கிழவி விழுந்து கிடந்த நேரத்தை நினைத்து ராத்திரியெல்லாம் போட்ட பிளான் அது. எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

அத்தை குனிந்து சட்டியிலிருந்து சுண்ணாம்புப் பொடியை விரலிடுக்கில் எடுத்து, கதவு இருந்த இடத்தில் ஒரே இழுப்பாகக் கோடு போட்டு மூடினார். நான் நூல் பிடித்துப் போட்ட கோடுகளைவிட அது நேராக இருந்தது. பிறகு தெருப் பக்கம் போய் அங்கிருந்த கோட்டைக் காலால் மூன்றடிக்கு அழித்தார். "இங்க எனக்கு ஒரு கேட்டு. கரண்டு மீட்டரும் எம்பேர்ல தனியா. அப்பிடின்னா வாரேன்" என்றார். இந்தத் தடவை செல்வி வழியாக இல்லை, நேராக என்னிடமே.

அப்படியே கட்டினோம். அவசரத்துக்கு அவர் கட்டிலோரம் ஒரு பெல் வைத்து, அது எங்கள் அடுப்படியில் அடிக்கிற மாதிரி வயர் இழுத்தேன். அதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார். அருப்புக்கோட்டை வீட்டைப் பூட்டி, சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த நாளில் செல்வி முகம் மலர்ந்துபோயிற்று. எனக்கு மட்டும் வேன் காலியாகத் திரும்பியபோது என்னவோ செய்தது. எங்கள் பூர்வீக வீட்டை அண்ணன் முன்னமே விற்றிருந்தான். இருபது வருடமாகத் தீபாவளிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஊருக்குப் போனது என்றால், அது அத்தை வீட்டுக்குப் போனதுதான். இந்த ஒரு விஷயம் என் பிளானில் எங்குமே இல்லை. இனி ஊர் என்று சொல்லிக்கொண்டு எங்கே போவது?

தினமும் காலை ஏழரைக்கு எங்கள் காலிங்பெல் அடிக்கும். கையில் மூடிய கிண்ணத்தோடு அத்தை கேட்டில் நிற்பார். "வாங்கத்தை" என்று சொல்கிறவரை உள்ளே வரமாட்டார். அரைமணி நேரம் இருப்பார். "வீட்ல போட்டது போட்டபடி கெடக்கு, வாரேன்" என்று கிளம்பிவிடுவார். ஒரு நாளைக்கு நாலு தடவை இந்த முப்பத்தெட்டு அடி. அவர் காலைச் சோதித்த டாக்டர், நன்றாகத் தேறியிருக்கிறது, இந்த நடையை விட்டுவிடாதீர்கள் என்றார். எண்ணி எண்ணி நான் ஒழிக்கப் பார்த்த நடை அது. ஆலையில் இதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடத் தீபாவளிக்கு முந்தைய வாரம் அத்தை நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, "மாப்ளயக் கூட்டிட்டு தீபாவளிக்கு வந்துரு. ரெண்டு நாள் இருக்கிற மாதிரி வரணும்" என்று செல்வியிடம் முறையாக அழைப்புச் சொல்லிவிட்டுப் போனார். செல்வி மாற்றுத்துணி எடுத்து வைத்தாள். பேஸ்ட் பிரஷ்கூட எடுத்து வைத்தாள். அத்தைக்கு எடுத்த சேலையை நான் பையின் மேலாக வைத்தேன். வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினோம்.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த கௌரம்மா நிமிர்ந்து, வருடா வருடம் கேட்பதையே கேட்டார். "ஏன் சார், பேக் எல்லாம் எடுத்துக்கினு... ஊருக்கா?"

இரண்டு கேட்டுக்கும் நடுவில் பையோடு நின்றேன். அந்தப் பக்கம் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அத்தை, பஸ்ஸை விட்டு இறங்கியவர்களைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, ஊருக்குத்தான்" என்றேன்.

"வாங்க மாப்ள" என்றார் அத்தை.